ஏழு மாத பாக்கி

2016 ஜனவரி 17 அன்று ரோகித் வெமுலா எழுதிவைத்த கடிதத்தில் ஒரு கணக்கும் இருந்தது. வரவேண்டிய ஏழு மாத ஆய்வு உதவித்தொகை, 1 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய். அதில் ஒரு பகுதி நண்பருக்குத் திருப்ப வேண்டிய கடன். நட்சத்திரங்களை மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஆவடியில் லோக்கல் பிடித்து, சென்ட்ரலில் இறங்கி, பறக்கும் ரயிலில் சேப்பாக்கம் போகும் ஆய்வாளருக்கு அந்தக் கணக்கு புரியும். பட்டியல் சாதி ஆய்வாளருக்கான தேசிய உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். ஒழுங்காக வந்தால் நல்ல தொகைதான். வராத மாதங்களில் வாடகைக்கு யாரிடம் கைநீட்டுவது? விடுதியில் இடமில்லை என்று வெளியே வீடு தேடினால், "நீங்க நான்வெஜ்ஜா?" என்று சுற்றிவளைத்துச் சாதி கேட்கிறார்கள். மாதாந்திர உறுதிச் சான்றோ நெறியாளரின் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது. அதற்காக அவர் வீட்டு கேஸ் சிலிண்டருக்கு அலைந்தவர்கள் நம்மில் உண்டு.

2025இல் அயல்நாட்டுப் படிப்பு உதவித்தொகைக்குத் தேர்வான 106 பேரில் 40 பேருக்கே முதலில் கடிதம் தந்தது ஒன்றிய அரசு. மற்றவர்களுக்கு, நிதி இருந்தால் பார்க்கலாம் என்ற பதில்.

நாம் கேட்பது இதுதான்: சான்றில் ஐந்தாம் தேதிக்குள் கையெழுத்து. டெல்லியிலிருந்து பணம் வரும்வரை பல்கலைக்கழகமே முன்பணம் தரட்டும்.