குஞ்சைப் பார்க்குமுன் கொடுப்பவரைப் பாருங்கள்



மரக்காணம் பக்கம் பெருமுக்கல்லிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். உப்பள வேலைக்குப் போகிறவர். ஐப்பசியில் மழை இறங்கிவிட்டால் பாத்தியில் வேலை நின்றுவிடும். மறுபடி உப்பு வாரத் தொடங்கும் வரை கையில் காசு புழங்காது. அந்த மாதங்களுக்குத் துணையாகப் புழக்கடையில் பத்துப் பதினைந்து கோழி வளர்க்க நினைக்கிறார். "நல்ல குஞ்சு எங்கே கிடைக்கும்? ஏமாறாமல் வாங்க வழி சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார். இதே கேள்வி மற்ற ஊர்களிலிருந்தும் வருவதால், இந்த இதழில் இந்தப் பக்கத்தை அவருக்கே கொடுத்துவிட்டேன்.

குஞ்சு வாங்கப் போகும்போது நாம் என்ன பார்க்கிறோம்? துறுதுறுவென்று ஓடுகிறதா, நிறம் நன்றாக இருக்கிறதா, விலை கட்டுப்படியாகுமா? இவை பார்க்க வேண்டியவைதான். ஆனால் ஒரு குஞ்சு பிழைக்குமா என்பதில் பெரும்பகுதி, அது நம் கைக்கு வருமுன்பே முடிவாகிவிடுகிறது. தாய்க்கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி முறையாகப் போட்டிருந்தால், அந்த எதிர்ப்புச் சக்தி மஞ்சள் கரு வழியாகக் குஞ்சுக்கும் வந்து முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குக் காப்பாற்றும். தாய்க்குப் புல்லோரம் என்ற கழிச்சல் நோய் இருந்தால், அதுவும் முட்டை வழியாகவே குஞ்சுக்கு வந்துவிடும். பொறுப்பான பண்ணைகளில் தாய்க்கோழிகளின் ரத்தத்தைச் சோதித்து, நோயுள்ளவற்றைக் கழித்துவிடுவார்கள். மூன்றாவது, மேரக்ஸ். கால் விளங்காமல், ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீட்டிப் படுத்துவிடும் நோய் இது. குஞ்சுப் பருவத்தில் தொற்றினாலும் மாதக்கணக்கில் கழித்துத்தான் வெளியே தெரியும். இதற்கான ஊசியைப் பொரிப்பகத்திலேயே முதல் நாளில் கழுத்தில் போட வேண்டும். வீட்டுக்கு வந்தபின் போட்டுப் பெரிய பயன் இல்லை.

இந்த மூன்றில் எதுவும் கூடையில் இருக்கும் குஞ்சைப் பார்த்துத் தெரிகிற சங்கதி அல்ல. ஆகவே குஞ்சை நோட்டம் விடுவதற்கு முன் கொடுப்பவரை விசாரியுங்கள். சம்பந்தம் பேசப் போகிறவர்கள் பெண்ணையோ மாப்பிள்ளையையோ மட்டும் பார்த்துவிட்டா திரும்புகிறார்கள்? குடும்பத்தைப் பற்றி ஊரில் நாலு பேரிடம் கேட்கிறோம் அல்லவா, அப்படித்தான்.

கேட்க வேண்டியவை இவை: குஞ்சு என்றைக்குப் பொரித்தது? தாய்க்கோழி உங்களுடையதா, முட்டை வெளியே வாங்கியதா? தாய்க்கு என்னென்ன ஊசி போட்டீர்கள்? குஞ்சுக்கு மேரக்ஸ் போட்டாயிற்றா? தேதியும் எண்ணிக்கையும் போட்டு ரசீது தருவீர்களா? வழியில் செத்தால் என்ன செய்வீர்கள்? நூறு குஞ்சுக்கு இரண்டு கூடுதலாகப் போடுவது பொரிப்பகங்களில் உள்ள வழக்கம். வாங்குவது பத்தே குஞ்சானாலும் கேள்விக்குப் பதில் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. "அதெல்லாம் எதுக்கும்மா, பார்த்தாலே தெரியலையா?" என்று மழுப்பினால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். "தாய்க்கோழிக் கொட்டகைக்குள் விட மாட்டோம்" என்று ஒரு பண்ணைக்காரர் சொன்னால் அவர் எதையோ மறைக்கிறார் என்று பொருள் இல்லை. பல பண்ணைகளுக்குப் போய் வருகிறவர்களின் செருப்பிலும் துணியிலும் கிருமி வரும் என்பதால், நல்ல பண்ணையில் வாசலோடு நிறுத்திவிடுவார்கள். கிருமிநாசினித் தொட்டியில் காலை நனைத்துவிட்டு வரச் சொல்வார்கள். யார் வேண்டுமானாலும் உள்ளே போய்க் கோழியைத் தூக்கிப் பார்க்கலாம் என்று விடுகிற இடத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

இனி, பெருமுக்கல்லில் இருப்பவர் எங்கே விசாரிப்பது? மிக அருகில் இருப்பது திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையம். அடுத்து விழுப்புரத்தில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையம். தெற்கே போனால் புதுச்சேரி குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி. வடக்கே போனால் காட்டுப்பாக்கத்தில் கால்நடை அறிவியல் முதுகலை ஆராய்ச்சி நிலையம், சென்னை மாதவரத்தில் கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மை நிலையம். போனவுடன் குஞ்சை அள்ளிக் கொடுத்துவிடுவார்கள் என்று எண்ண வேண்டாம். பொரிப்பு நாளைப் பொறுத்துத்தான் குஞ்சு கிடைக்கும். முன்னதாகவே போய்க் கேட்டுப் பதிவு செய்துகொள்வது நல்லது. அங்கே குஞ்சு இல்லாவிட்டாலும், உங்கள் பக்கத்தில் நம்பிக்கையாக வளர்த்துக் கொடுப்பவர் யார் என்ற தகவல் கிடைக்கும். உள்ளூர்க் கால்நடை மருந்தக மருத்துவரையும் கேளுங்கள். எந்தப் பண்ணைக் குஞ்சு வாரம் தவறாமல் சாகிறது என்பதை அவரைப்போல் அறிந்தவர் வேறு யாரும் இல்லை.

தெருவில் டி.வி.எஸ். வண்டியில் கூடை வைத்துக் கூவி விற்கும் கலர் குஞ்சுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரோஸ், பச்சை, ஊதா என்று சாயம் ஏற்றிய அந்தக் குஞ்சுகள் பெரும்பாலும் முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் கழிக்கப்பட்ட சேவல்கள். முட்டை இடாது, கறிக்கோழிபோல் சதையும் பிடிக்காது. முதல் வாரத்தில் குஞ்சுக்கு ஏறக்குறைய 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். அது இல்லாமல், காற்றிலும் வெயிலிலும் ஊர் ஊராகச் சுற்றி வந்த குஞ்சு வீட்டில் இரண்டு நாள் கத்திவிட்டு அடங்கிப்போவதில் வியப்பில்லை. விற்பவரும் வயிற்றுப் பிழைப்புக்காகத்தான் அலைகிறார். ஆனாலும் வளர்ப்புக்கு அது ஆகாது.

எந்த இனம் என்று தீர்மானித்துவிட்டால், எங்கே வாங்குவது என்பது பாதி முடிவான மாதிரி. சிறுவிடை நம் மண்ணின் கோழி. ஆண்டுக்கு அறுபது எண்பது முட்டைதான் இடும். ஆனால் தானே அடையில் உட்காரும், குஞ்சு பொரிக்கும், பருந்து வந்தால் இறக்கைக்குள் அணைத்துக்கொள்ளும். ஹைதராபாத் கோழியின ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய வனராஜாவும் கிராமப்பிரியாவும் முட்டை கூடுதலாக இடும். நம் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழிகளும் அப்படியே. ஆனால் இப்படி மேம்படுத்திய இனங்களுக்கு அடை காக்கும் குணம் பெரும்பாலும் போய்விட்டது. ஆகவே மந்தை குறையும்போதெல்லாம் குஞ்சுக்கு மறுபடி காசு கொடுக்க வேண்டும். தன் கையிலேயே மந்தை பெருக வேண்டும் என்று நினைப்பவர் சிறுவிடை வாங்கலாம். முட்டை விற்றுக் காசு பார்க்க வேண்டும் என்பவர் மேம்பட்ட இனத்தை வாங்கி, இரண்டு சிறுவிடைப் பெட்டைகளையும் அடை வைக்க வைத்துக்கொள்ளலாம். மேம்பட்ட இனத்தின் முட்டைகளை அந்தச் சிறுவிடை அடைக்கோழியின் கீழ் வைத்தால் இருபத்தொரு நாளில் குஞ்சு வரும்.

ஒருநாள் குஞ்சா, ஒரு மாதக் குஞ்சா? முதல்முறை வளர்ப்பவருக்கு நான் சொல்வது ஒரு மாதக் குஞ்சுதான். விலை கூடுதல் என்பது உண்மை. ஆனால் சூடு கொடுக்கும் காலம் அதற்குள் தாண்டியிருக்கும். ஏழாம் நாள் சொட்டு மருந்து, பதினான்காம் நாள் கம்போரோ நோய்க்கான மருந்து, இருபத்தெட்டாம் நாள் மறுபடி சொட்டு மருந்து ஆகியவையும் முடிந்திருக்க வேண்டும். முடிந்ததா என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெண்களுக்கு நாட்டுக்கோழி கொடுக்கும் தமிழக அரசின் திட்டத்தில் அண்மை ஆண்டுகளில் நான்கு வாரக் குஞ்சுகளைத்தான் கொடுத்தார்கள். அனுபவப்பட்டவர்களுக்கு ஒருநாள் குஞ்சு போதும். வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு இரண்டு மூன்று நாள் வரை தாங்கும் என்பதால்தான் அது தூரப் பயணம் செய்ய முடிகிறது. அதற்காக மூன்றாம் நாள் வரை பெட்டியிலேயே போட்டு வைக்கலாம் என்று அர்த்தமில்லை. எவ்வளவு சீக்கிரம் தண்ணீரும் தீனியும் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது.

கையில் எடுக்கும்போது பார்க்க வேண்டியவை சில. தொப்புள் காய்ந்து மூடியிருக்க வேண்டும்; ஈரமாகவோ கறுத்தோ இருந்தால் வேண்டாம். ஆசனவாயில் எச்சம் ஒட்டியிருக்கக் கூடாது. கண் பளிச்சென்று, கால் பளபளப்பாக இருக்க வேண்டும். மல்லாக்கப் படுக்கவைத்தால் உடனே புரண்டு எழ வேண்டும். முட்டையின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குஞ்சின் எடை இருக்கும். ஆகவே முதல்முதலாக முட்டையிட ஆரம்பித்த இளம்பெட்டையின் சிறு முட்டையிலிருந்து வந்த பொடிக் குஞ்சுகளைத் தவிர்க்கலாம்.

செல்போனில் படம் பார்த்து, முன்பணம் அனுப்பி, பஸ் பார்சலில் வரவழைப்பது இப்போது பெருகிவிட்டது. எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. ஆனால் வந்து சேர்ந்தது சொன்ன இனம்தானா என்று நாலு மாதம் வளர்த்த பிறகுதானே தெரியும்? "நாங்களே திருப்பி வாங்கிக்கொள்கிறோம், மாதாமாதம் பணம் தருகிறோம்" என்று குஞ்சோடு சேர்த்து முதலீடும் கேட்பவரிடம் இன்னும் எச்சரிக்கை வேண்டும். 2012-இல் பெருந்துறை வட்டாரத்தில் ஈமு கோழி நிறுவனங்கள் சரிந்தபோது, ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு போனது இப்படித்தான். இரண்டு மணி நேரப் பயணத்தில் போய்ப் பார்த்து வரக்கூடிய இடத்தில் வாங்குங்கள் என்பது என் கட்சி.

மாதமும் முக்கியம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது, பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எல்லா ஆண்டும் அப்படிப் பெய்யாவிட்டாலும், ஐப்பசி கார்த்திகையில் தரை காயாது. மின்சாரம் போய்ப் போய் வரும். ஈரத்தில் ரத்தக் கழிச்சல் பரவும். குஞ்சு வளர்க்க அது காலமல்ல. மழை முடிந்து தையில் வாங்கினால், எட்டாம் வாரத்தில் இறக்கையடியில் போடும் ஊசியையும் முடித்துக்கொண்டு, வெள்ளைக்கழிச்சல் அதிகமாக வரும் கோடைக்குத் தயாராகலாம். நல்ல வளர்ப்பு அமைந்தால் அடுத்த மழைக்காலத்தில் முட்டை இருக்கும். வாசகிக்கு வேண்டியதும் அதுதானே.

மரக்காணத்துக் கரையோரத்தில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நல்ல இடத்தில் வாங்கிய குஞ்சு வீட்டில் சோர்ந்துபோனால், விற்றவரைத் திட்டுமுன் உங்கள் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். ஒரு லிட்டரில் கரைந்த உப்புகள் 1000 மில்லிகிராமுக்குள் இருந்தால் கவலையில்லை. அதற்கு மேல் போகப் போக எச்சம் நீராகப் போகும். 3000-ஐத் தாண்டினால் கோழிக்கு ஆகாது. பெரிய கோழியைவிடக் குஞ்சுக்குத்தான் உப்பு அதிகம் தாக்கும். போர் தண்ணீர் கரித்தால் முதல் மாதம் குடிநீரையே வையுங்கள். பறவைகள் கூடும் கழுவேலி ஏரி நீரைக் குஞ்சுகளுக்குக் கொண்டுவர வேண்டாம். இந்தப் பக்கம் மணிலாக் கடலை விளைவதால் பலர் கடலைத் தோலைப் படுக்கையாகப் போடுகிறார்கள், காய்ந்திருந்தால் நல்லதுதான். பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கை மட்டும் தொடவே தொடாதீர்கள். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்ததற்குக் காரணம், தீனியில் கலந்த பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்குதான்.

பெருமுக்கல் வாசகிக்கு என் முடிவான யோசனை இது: உங்கள் ஊரிலேயே, ஊசி போட்டு வளர்க்கும் ஒரு வீட்டில் இரண்டு சிறுவிடைப் பெட்டைகளை முதலில் வாங்குங்கள். தை பிறந்ததும் விசாரித்து வைத்த இடத்தில் பத்து ஒரு மாதக் குஞ்சுகள். அந்தக் குஞ்சுகள் பத்தையும் ஒரே இடத்தில், ஒரே நாளில் வாங்குங்கள். புதிதாக வந்தவற்றை இரண்டு வாரம் தனிப் பஞ்சாரத்தில் வைத்துவிட்டுப் பழையவற்றோடு சேருங்கள்.

மற்ற வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடைத் துறை வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. கட்டணம் இல்லை. மேயும் கோழிக்கு வேலி கிடையாது. ஒரு வீட்டுக் கோழிக்கு ஊசி போடாமல் விட்டால் தெருவே காலியாகும். நீங்களும் போங்கள், பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக்கொண்டு போங்கள். உங்கள் ஊரில் நம்பிக்கையாகக் குஞ்சு கொடுப்பவர் இருந்தால் எங்களுக்கும் எழுதுங்கள். விசாரித்துப் பார்த்து மற்றவர்களுக்குச் சொல்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்