சைக்கிள் பிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம்

திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சிய பனியனை வாங்க வருகிறவர், துணியை விரலிடையே தேய்த்து, தையலைத் திருப்பிப் பார்த்து, துவைத்தால் சுருங்குமா என்று விசாரித்த பிறகே பணத்தை எடுக்கிறார். அவரே ஞாயிறுதோறும் உல்லாசமாகச் சைக்கிள் மிதிக்கும் பிரியராகிவிட்டாலோ, கார்பன் சக்கரம், இலேசான ஹேண்டில்பார் என்று பளபளப்பின்மீது மோகங்கொண்டு, அந்தப் பரீட்சை புத்தியைக் கடை வாசலிலேயே விட்டுவிடுகிறார்.

உண்மையில் மாற்ற வேண்டியது எது என்பதை ஓரடி ஸ்கேலே சொல்லிவிடும். சங்கிலியின் ஊசிகள் அரை அங்குல இடைவெளியில் அமைந்தவையாதலால், புதிதில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்கும். அது பதினாறில் ஒரு பங்கு அங்குலம் நீண்டதுமே சங்கிலியை மாற்றுவது அவசியம், எட்டில் ஒரு பங்கு நீளும்வரை அசட்டையாயிருந்தால் பல்சக்கரங்களும் நாசமாகிச் செலவு பன்மடங்காகும்.

1949-இல் சென்னையில் தோன்றிய டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ் வண்டிகள் கியர் இல்லாமலே மூட்டை சுமந்தன என்பதற்காகக் கியரை ஆடம்பரம் என்று தூஷிப்பது என் நோக்கமன்று. அவிநாசி சாலையில் எதிர்க்காற்றில் மிதித்தவர் எவரும் அப்படிச் சொல்லார். தேயாத பிரேக் கட்டை, நல்ல டயர், காலுக்கு இசைந்த சீட் உயரம் ஆகியவற்றுக்குப் பிறகே மற்றவை என்பதுதான் என் அபிப்பிராயம். சீட்டை உயர்த்தவோ ஒரு ஸ்பேனர் போதும்.