பெரியவர்களின் வெட்கமும் ஒரு சின்னத் திரையும்

2006 ஜனவரியில் ஆங்கிலத்தை முன்னிட்டு இரண்டு சிறு பொருள்கள் ஜப்பானியர் கைகளுக்கு வந்தன. பல்கலைக்கழக நுழைவுக்கான தேசியத் தேர்வில் அந்த மாதம்தான் முதன்முறையாக ஆங்கிலத்தைக் காதால் கேட்டு விடையளிக்கும் பகுதி சேர்ந்தது. அதற்காகத் தேர்வு எழுதிய ஒவ்வொருவருக்கும் ஓர் ஒலிக்கருவி தந்தார்கள். இன்னொன்று அதே மாதம் 26ஆம் தேதி கடைக்கு வந்தது. நின்டெண்டோவின் டிஎஸ் என்ற கையடக்க விளையாட்டுக் கருவிக்கான ஆங்கிலப் பயிற்சி அது. 'எய்கோ சுகே' என்பது சுருக்கப் பெயர். ஆங்கிலம் வராத பெரியவர்களுக்கானது என்று முழுப் பெயரிலேயே அறிவித்திருந்தார்கள். ஜப்பானில் மட்டும் இருபது லட்சத்துக்கு மேல் விற்றது.

தேர்வு பிள்ளைகளுக்கு, விளையாட்டு அவர்களைப் பெற்றவர்களுக்கு. அந்தப் பெற்றோர் பள்ளியில் ஆண்டுக்கணக்கில் ஆங்கிலம் படித்தவர்கள்தாம். வாக்கியத்தைப் பிரித்து, பொருள் கொண்டு, ஜப்பானிய மொழியில் எழுதத் தெரியும். அதே வாக்கியத்தை ஒருவர் வாயால் சொன்னால் பிடிபடாது. அவர்களுடைய காதை அந்தத் தேசியத் தேர்வு ஒருநாளும் சோதித்ததில்லை.

விளையாட்டின் நடைமுறை மிக எளிது. கருவி ஒரு சிறு ஆங்கில வாக்கியத்தைச் சொல்லும். கேட்டதை, தொடுதிரையில் பேனா போன்ற குச்சியால் எழுத்து எழுத்தாக எழுத வேண்டும். பிடிபடவில்லையா, மறுபடி கேட்கலாம். கடினமான சொற்களைவிட, பேச்சு வேகத்தில் பாதி விழுங்கப்படும் சின்னச் சொற்கள்தாம் ஆளைத் தடுமாற வைக்கும். அச்சில் ஆயிரம் முறை பார்த்த சொல் காதில் விழாமலே போவதை அங்கே ஒருவர் தானே கண்டுகொள்வார். எந்த ஆசிரியரும் சுட்டிக்காட்டத் தேவையில்லை.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்தத் தனிமை. நின்டெண்டோ ஆங்கிலம் கற்பிக்க முயன்றது அப்போதுதான் முதல்முறை என்றும் சொல்ல முடியாது. 1983 நவம்பரிலேயே தன் ஃபேமிகாம் கருவிக்குப் பாப்பாய் என்ற கேலிச்சித்திரப் பாத்திரத்தை வைத்து ஓர் ஆங்கில விளையாட்டை வெளியிட்டது. அது பிள்ளைகளுக்கானது, வீட்டுத் தொலைக்காட்சியில் ஆடுவது. திரையில் விழும் தவறு வீட்டுக்கே தெரியும். டிஎஸ் அப்படியில்லை, உள்ளங்கைக்குள் அடங்கும். நாற்பது வயது அலுவலர் ரயிலில் ஒரு மூலையில், காதில் ஒலிப்பானை மாட்டிக்கொண்டு பத்துத் தவறு செய்தாலும் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. 2005இல் வந்த, மூளை ஆய்வாளர் கவாஷிமா ரியூட்டாவின் மூளைப் பயிற்சி விளையாட்டு, அந்த வயதுக்காரர்கள் கையில் இந்தக் கருவியை ஏற்கெனவே சேர்த்திருந்தது.

ஆங்கிலத்தைப் படித்தும் கேட்கவோ பேசவோ வராத இந்த வெட்கத்தின் கதை சற்றே நீளமானது. 1808இல் ஃபேட்டன் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் டச்சுக் கொடியைக் காட்டி நாகசாகிக்குள் நுழைந்தது. அந்த அதிர்ச்சிக்குப் பிறகே, அதுவரை டச்சு மட்டும் அறிந்திருந்த மொழிபெயர்ப்பாளர்களை ஆங்கிலம் கற்கும்படி அரசு பணித்தது. சொல்லிக்கொடுத்தவரும் ஒரு டச்சுக்காரர்தான். 1814இல் ஓர் அகராதியைத் தொகுத்தார்கள். சொற்கள் சேர்ந்துவிட்டன, ஒலி சேரவில்லை. அந்நியர் நுழையத் தடை இருந்த 1848இல் ரானல்ட் மெக்டொனால்ட் என்ற வட அமெரிக்க இளைஞர் தாமே விரும்பி வடக்கே ஒரு தீவில் கரையேறிக் கைதாகி, நாகசாகிக்குக் கொண்டுவரப்பட்டார். காவலில் இருந்தபடியே பதினான்கு மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஆங்கிலம் கற்பித்தார். அவர்கள் ஒவ்வொருவராக உரக்கப் படிக்க, இவர் உச்சரிப்பைத் திருத்துவார். அவர்களில் ஒருவரான மோரியாமா எய்னோசுகே, 1854இல் அமெரிக்கத் தளபதி பெரியுடன் நடந்த பேச்சுவார்த்தையில் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். அகராதியால் முடியாததை உயிருள்ள ஒரு மனிதர் சில மாதங்களில் செய்து காட்டினார்.

இந்தப் பாடம் பிறகு தேர்வுக்குள் புதைந்துபோனது. தோண்டி எடுத்தவர்களில் ஹிராகாவா ததாய்ச்சியை மறக்கக் கூடாது. போரில் தோற்று, நகரங்கள் எரிந்து கிடந்த நாட்டில், 1946 பிப்ரவரியில் அவர் வானொலியில் ஆங்கிலம் பேசக் கற்பிக்கத் தொடங்கினார். எல்லோருக்கும் தெரிந்த ஒரு குழந்தைப் பாட்டின் மெட்டில் ஆங்கில வரிகளைப் பொருத்தி, அதையே முகப்புப் பாடலாக்கினார். படிப்பாக இல்லாமல் விளையாட்டாகக் கற்கச் சொன்னார். கேட்டவர்கள் வானொலியோடு நின்றுவிடவில்லை. ஊர் ஊராகச் சங்கம் வைத்துக் கூடி, ஒருவரோடு ஒருவர் பேசிப் பழகினார்கள்.

டிஎஸ் பயிற்சியில் இல்லாத பகுதி இதுதான். அதன் அடிப்படை காதுக்கும் கைக்குமான பயிற்சி. வாய் எங்கே திறப்பது? 2007இல் கியோட்டோ பகுதியின் யவாத்தா நகரப் பள்ளியில் ஆங்கிலச் சொற்களைப் பழக இதே கருவியை வகுப்புக்குள் கொண்டுவந்தார்கள். அங்கும் ஒவ்வொருவரும் குனிந்து தம் திரையைத்தான் பார்த்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில், நாட்டிலேயே பெரிய ஆங்கில உரையாடல் பள்ளி நிறுவனமான நோவா நொடித்து, முன்பணம் கட்டியவர்களும் சம்பளம் வராத ஆசிரியர்களும் தெருவில் நின்றார்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று சொல்ல மாட்டேன். ஆனால் பேசிப் பழகும் இடம் எவ்வளவு பலவீனமாக இருந்தது என்பது தெரிந்தது.

இதைக் கொண்டு விளையாட்டைக் குறைத்துப் பேசுவோரோடு நான் உடன்பட மாட்டேன். ஆங்கிலம் வராது என்று ஒத்துக்கொண்ட பெரியவர்களை அது ஏளனம் செய்யவில்லை. மொழிக்கு முதல் தடை அறிவல்ல, கூச்சம் என்பதைக் கல்வி அமைச்சகத்துக்கு முன்பே புரிந்துகொண்டது. பின்னால் வந்த கைபேசிச் செயலிகள் நடப்பது இந்தத் தடத்தில்தான்.

2020 முதல் ஜப்பானின் தொடக்கப் பள்ளிகளில் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் முறையான பாடமாகிவிட்டது. பத்து வயதிலேயே மதிப்பீடு வந்தால் வெட்கமும் பத்து வயதிலேயே வந்துவிடும் என்பதே என் கவலை. ஒவ்வொரு பிள்ளைக்கும் அரசு தந்திருக்கும் கணினியில், யாரும் பார்க்காமல், மதிப்பெண் இல்லாமல் கேட்டு எழுதத் தினமும் சற்று நேரம் ஒதுக்கலாம். 1987 முதல் ஜெட் திட்டத்தில் வெளிநாடுகளிலிருந்து வரும் துணையாசிரியர்களை முழு வகுப்புக்கும் வாசித்துக் காட்ட மட்டும் நிறுத்தாமல், நான்கைந்து பிள்ளைகளோடு உட்கார வைக்க வேண்டும். தனியாகக் கேட்டுப் பழகிய வாக்கியத்தை அந்தப் பிள்ளைகள் அங்கே வாய்விட்டுச் சொல்லட்டும். தவறினால் அங்கேயே திருத்திக்கொள்ளட்டும்.