மோனோ ரயில் மோகம்

சென்னையில் மோனோ ரயில் விடப்போவதாக 2011-ம் வருஷத்தில் சர்க்கார் அறிவித்தது தோழர்களுக்கு ஞாபகமிருக்கலாம். அதற்கென ஒரு தூண்கூட எழவில்லை. அதற்காக நாம் அழப்போவதுமில்லை. யாருக்காக, எதை யோசித்து அப்படி அறிவித்தார்கள் என்பதே நமது கேள்வி.

ஜெர்மனியில் வுப்பர்டால் என்னும் ஊரில் 1901 முதல் ஒற்றைத் தண்டவாளத்தில் வண்டி தொங்கிக்கொண்டு ஓடுகிறது. அங்கே ஏன்? ஒடுக்கமான பள்ளத்தாக்கு, தெருவில் இடமில்லை, ஆகவே ஆற்றுக்கு மேலேயே பாதை போட்டார்கள். தேவையைப் பார்த்துச் செய்த காரியமாதலால் இன்றும் நிலைத்திருக்கிறது. சிட்னியிலோ 1988-ல் திறந்ததை 2013-ல் மூடிப் பிரித்தே எடுத்துவிட்டார்கள். அது நகரின் நடுவில் ஒரு சிறு வட்டம் சுற்றிற்றேயொழிய, ஜனங்களை வீட்டிலிருந்து வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

மும்பை சங்கதி இன்னும் வேடிக்கை. 2014-ல் திறந்தார்கள், 2017-ல் பெட்டிகள் தீப்பற்றிப் பல மாதம் நின்றது, 2019-ல் முழுப் பாதையும் திறந்த பிறகும் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. அதே ஊரில் லோக்கல் ரயிலின் வாசற்படியில் ஜனங்கள் தொங்குகிறார்கள்!

நிற்க, இதில் மற்றொரு கஷ்டமுமுண்டு. உத்திரத்தின் அளவு கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஒருவனிடம் வாங்கினால் வண்டிக்கும் உதிரிச் சாமானுக்கும் பெரும்பாலும் அவன் வாசலிலேயே நிற்கவேண்டும். (மாமியார் வீட்டில்கூட இவ்வளவு கட்டுப்பாடு கிடையாது.)

விடியுமுன் புறப்படும் கூலித் தொழிலாளி எங்கே ஏறுவான், இறங்கி எவ்வளவு தூரம் நடப்பான், என்ன காசு கொடுப்பான் என்பதை முதல் பக்கத்தில் எழுதிய திட்டம் எதுவானாலும் கொண்டுவரட்டும், படித்துப் பார்க்கிறோம்.