சாக்கடை அன்று, ஓடை!

2024இல் டில்லிக்குப் படிக்க வந்த புதிதில், எனக்குச் சித்தப்பா முறையாகும் ஒருவரைக் காண ஜங்புராவின் மதராஸி கேம்ப்புக்குச் சென்றேன். பேருந்தைவிட்டு இறங்கியதுமே நாற்றம் வரவேற்றது. "இது என்ன சாக்கடை?" என்றேன். "பாராபுல்லா. மழை வந்தால் முதலில் எங்கள் வாசலைத்தான் எட்டிப் பார்க்கும், தம்பி" என்றார்.

பின்னர்தான் அறிந்தேன், அதன்மேல் ஜஹாங்கீர் காலத்துக் கல்பாலம் ஒன்று இன்றும் நிற்கிறதென்று. சாக்கடையைக் கடக்கவா பதினொரு வளைவுகள் வைத்துப் பாலம் கட்டுவார்கள்? அது ஓடை, ஆரவல்லி மேட்டு மழையை யமுனையில் சேர்த்து வந்த ஓடை!

1976ஆம் ஆண்டின் வடிகால் திட்டம், டில்லியில் இயற்கை வடிகால்கள் 201 என்று கணக்கிட்டது. அவற்றுள் சிலவற்றை மூடினோம்; சிலவற்றைச் சிமெண்டுச் சுவருக்குள் அடைத்தோம்; பலவற்றில் கழிவுநீரைக் கலந்தோம். பலன்? 2024 ஜூன் 28 காலையோடு முடிந்த ஒரு நாளில் சப்தர்ஜங்கில் 228.1 மில்லிமீட்டர் மழை பெய்தது; தலைநகரம் தத்தளித்தது. கூரையும் தாரும் நீரை உறிஞ்சுவதில்லை. வழுவழுப்பான சுவர் நீரின் வேகத்தைத் தணிப்பதுமில்லை. எல்லா நீரும் ஒரே வேளையில் பள்ளத்தைத் தேடி ஓடுகிறது.

வெள்ளம் ஒரு துறைக்கு, கழிவுநீர் வேறொரு துறைக்கு, பூங்கா மூன்றாவது துறைக்கு என்று பிரித்து வைத்திருக்கிறோம். மூன்றும் ஒரே வேலை என்பதே என் கருத்து. முதலில் கழிவுநீரைக் குழாய்வழிச் சுத்திகரிப்புக்கு அனுப்ப வேண்டும். தெருக்களிலும் பள்ளி மைதானங்களிலும் மழைநீர் மண்ணில் இறங்கத் தாழ்வான இடம் விட வேண்டும். கரையைச் சரிவாக வெட்டிப் புல்லும் மரமும் வளர்த்து, அதில் நடைபாதை அமைக்க வேண்டும். பெருமழையில் அப்பாதை சில மணி நேரம் மூழ்கட்டுமே! மற்ற நாட்களில் மக்கள் நடப்பார்கள். மக்கள் நடக்கும் கரையில் குப்பை கொட்ட எவரும் கூசுவார்கள்.

கனவென்று நகைக்க வேண்டாம். தென்கொரியாவின் சோல் நகரில், சொங்கேச்சொன் என்னும் ஓடையை மூடியிருந்த சாலையையும் அதன் மேற்பாலத்தையும் 2003இல் இடிக்கத் தொடங்கி, 2005இல் ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் ஓடையை மக்களுக்குத் திறந்தார்கள். அதிலும் குறையுண்டு. பெரும்பகுதி நீர் ஆற்றிலிருந்து இறைத்து விடப்படுவது. அங்கே கடை வைத்திருந்த எளியோர் பலர் இடம் பெயர்ந்தனர். டில்லியிலும் கழிவுநீரை விலக்கினால் கோடையில் ஓடை வறளும். ஆனால், சுத்திகரித்த நீரையே அதில் விடலாமே!

எளியோரின் கேள்விக்கு மட்டும் அவ்வளவு எளிதில் விடை கிடைப்பதில்லை. ஓடையைத் தூர்வார வேண்டுமென்று, உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1 அன்று மதராஸி கேம்ப் இடிக்கப்பட்டது. சுமார் 370 குடும்பங்களில் 215 குடும்பங்களே மாற்றுவீட்டுக்குத் தகுதி பெற்றன. வீடு, நகரின் வடகோடியான நரேலாவில். சித்தப்பாவுக்கு வீடு கிடைத்தது. வேலையோ இங்கேயே நின்றுவிட்டது.

ஓடைக்கு வழி வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. அவ்வழியை மறித்தது குடிசை மட்டுந்தானா? 2010இல் அதே ஓடையை ஒட்டித் தூண்கள் நட்டு மேம்பாலச் சாலை எழுப்பினோமே! நகரம் முழுவதும் செய்த பிழைக்கு ஒரு குடியிருப்பு மட்டும் விலை கொடுப்பது நீதியாகாது. ஓடையைச் சீர்செய்யும் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே, கரையில் வாழ்ந்தவருக்கு அருகிலேயே வீடு என்று எழுதப்பட வேண்டும். கரையைப் பேணும் வேலையும் அவர்களுக்கே தரப்பட வேண்டும்.

அன்பர்களே! ஒரு ஞாயிறன்று அப்பாலத்தைப் போய்ப் பாருங்கள். கீழே ஓடுவதைச் சாக்கடை என்று அழைப்பதையேனும் முதலில் நிறுத்துவோம். பெயரை மீட்டால்தான் ஓடையை மீட்கும் எண்ணம் பிறக்கும்.