சுடாமல் வெட்டும் ஒளி!



கற்பூரத் தட்டில் கையை ஒற்றி எடுத்தால் சுடுவதில்லை. அங்கேயே வைத்திருந்தால்? கொப்பளித்துவிடும்! காரணம், சூடு பரவுவதற்கு நேரம் வேண்டும். விஞ்ஞானிகள் இப்போது லேசர் ஒளியை வைத்து இதையேதான் செய்கிறார்கள்.

ஒரு விநாடியைக் கோடி பங்காக்குங்கள். அதில் ஒரு பங்கை எடுத்து, பத்துக் கோடி பங்காக்குங்கள். அதுதான் ஒரு பெம்டோ விநாடி! விநாடிக்கு மூன்று லட்சம் கி.மீ. ஓடும் ஒளிகூட, அதற்குள் தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்கைத் தாண்டாது.

கண்ணாடிமேல் பூசிய மெல்லிய உலோகப் படலத்தில் இவ்வளவு குறுகிய லேசர் துடிப்பு பட்டால் என்ன ஆகும்? முதலில் எலக்ட்ரான்கள்தான் சக்தியை வாங்கிக்கொள்ளும். சூடு அக்கம்பக்கம் பரவுவதற்குள் துடிப்பே முடிந்துவிடும். பட்ட இடம் மட்டும் ஆவியாகும். சுற்றிலும் அதிகம் உருகாது. கருவிழி அறுவை சிகிச்சையிலும் இந்த லேசர் பயன்படுகிறது. இத்தகைய துடிப்புகளுக்கு வலிமை ஏற்றும் வழியை 1985ல் கண்டறிந்த ஜெரார் மூரு, டோனா ஸ்ட்ரிக்லாண்ட் இருவருக்கும் 2018ல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்னும் மெல்லிய பொருள், கிராபீன். பென்சில் முனையில் இருக்கும் கிராபைட்டின் ஒற்றை அடுக்கு இது. சுமார் மூன்று லட்சம் அடுக்குகளைச் சேர்த்தால்தான் நோட்டுத் தாளின் தடிமன் வரும்! தன்மேல் படும் ஒளியில் நூறில் 2.3 பங்கை இது உறிஞ்சும். ஆனால், வலுவான துடிப்பு வந்தால் அந்த அளவுக்கு உறிஞ்சாது. பேருந்தில் இருக்கைகள் நிரம்பிவிட்டால், மற்றவர்களுக்கு இடம் ஏது? எலக்ட்ரான்களின் இடங்கள் நிரம்பியதும், மீதி ஒளி ஊடுருவிப் போய்விடும். இந்தக் குணத்தைப் பயன்படுத்தி, 2009ல் குறுந்துடிப்பு லேசர்களையே செய்து காட்டினார்கள்.

பெம்டோ விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அட்டோ விநாடி. அந்த அளவு துடிப்பை உண்டாக்கும் வழிகளுக்காக பியர் அகோஸ்டினி, பெரென்ஸ் க்ராஸ், ஆன் லுலியே மூவரும் 2023ல் நோபல் பரிசு பெற்றனர். எலக்ட்ரான்களை ஒளியால் ஆட்டிவைக்க முடிந்தால், இன்னும் வேகமான கணிப்பொறிகள் வரலாம். ஆனால், நாளைக்கே கடைக்கு வந்துவிடாது. இது இன்னும் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறது.

"இதனால் என்ன பயன்?" என்று அவசரப்படாதீர்கள். ஆர்கான் வாயுவில் லேசரைச் செலுத்தி லுலியே குழுவினர் சோதனை செய்தது 1987ல். பரிசு வந்தது 36 ஆண்டுகள் கழித்து! பரிசுச் செய்தி வந்தபோது அவர் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். செய்தியைக் கேட்டவர், திரும்பிப் போய்ப் பாடத்தை நடத்தி முடித்தார்.

ஒரு விநாடியின் துளிக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்ள, பல ஆண்டுப் பொறுமை வேண்டியிருக்கிறது, பார்த்தீர்களா!