ஸ்மோக்கருக்கு ஸ்டீல் தட்டு

ஆசிரியருக்கு,

டெக்சாஸ் பாணி புகையிறைச்சி பற்றிய கட்டுரை அருமை. ஆனால் சொட்டும் கொழுப்பை ஏந்தும் தட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! ஐந்தாறு கிலோ பிரிஸ்கெட் (மாட்டு நெஞ்சிறைச்சி) 110 டிகிரி செல்சியஸில் பத்து மணி நேரத்துக்கு மேல் வேகும்போது உருகி வடிவது கொஞ்சமல்ல. அது நெருப்பில் விழுந்தால் கசந்த புகை. சில சமயம் தீயே பற்றும்.

இங்கே எல்லோரும் வாங்குவது ஒருமுறை பயன்படுத்தி எறியும் அலுமினியத் தட்டு. நிரம்பியதைத் தூக்கினால் நடுவில் மடங்கிவிடும். உணவகப் பாத்திரக் கடைகளில் கிடைக்கும் பஃபே ஸ்டீல் தட்டே என் தேர்வு. முழு அளவு ஏறக்குறைய 20-க்கு 12 அங்குலம், பாதி அளவு 12-க்கு 10. உங்கள் ஸ்மோக்கர் அடுப்பை அளந்துவிட்டு வாங்குங்கள். சுற்றிலும் புகை ஏற இடைவெளி வேண்டும். துத்தநாகம் பூசிய தகரம் மலிவுதான், ஆனால் நெருப்புப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

தட்டில் சிறிது தண்ணீர் ஊற்றி வைத்தால் கொழுப்பு கருகாது. ஆறி உறைந்ததும் வழித்துக் குப்பையில் போடுங்கள். தயவுசெய்து சிங்க்கில் ஊற்றாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். பிறகு தட்டைக் கழுவ வெந்நீரும் சோடா உப்பும் போதும். பளபளப்பு திரும்பாது, அதனால் என்ன?

ஒரு வாசகர்,
ஆஸ்டின், டெக்சாஸ்